அம்மாவின் சாமியும் தம்பியின் பேச்சும்

கேள்வி: என் தம்பி இரண்டு வருடமாகச் சபைக்குப் போகிறான். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு (அம்மனின் தலை) ஊர்வலமாக எங்கள் தெருவில் வந்தபோது, அம்மா தேங்காய், கற்பூரத்தோடு வாசலில் நின்றார். ஊரே பார்க்க, "பேயைப் போய்க் கும்பிடுறியே" என்றான். அம்மா, "காசுக்கு மதம் மாறினவன்தானே நீ" என்றார். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "உண்மையைத்தானே சொன்னேன்" என்கிறான். நான் யார் பக்கம் நிற்பது?
- வாசகி, குடியாத்தம்

பதில்: அன்புச் சகோதரி, இரண்டு பேர் பேசியதும் தப்புதான். ஆனால் ஒரே தப்பு இல்லை.

தம்பி அப்படி நம்புவது அவர் உரிமை. ஆனால் அம்மா கைகூப்பி நிற்கும் நேரத்தில், பதில் சொல்ல வழியில்லாதபோது, அக்கம்பக்கத்தார் முன்னால் அதைச் சொன்னார். இதையே ராத்திரி சாப்பிடும்போது, "ஏம்மா இதைக் கும்பிடுறே?" என்று கேட்டிருந்தால் அம்மாவும் மனசுவிட்டுப் பேசியிருப்பார்.

அம்மா சொன்னதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அவர் மகனின் நம்பிக்கையோடு வாதாடவில்லை, மகனின் யோக்கியதையையே பிடுங்கிவிட்டார். விலைபோனவன் என்று சொல்லிவிட்ட பிறகு, அந்தப் பிள்ளை எதைப் பேசினாலும் எடுபடுமா?

பக்தியில் கடுஞ்சொல்லே கிடையாதா என்று தம்பி கேட்கலாம். நிறையவே உண்டு. கண் பார்வை போன சுந்தரர், திருவாரூரில் சிவனைப் பார்த்தே "வாழ்ந்து போதீரே" என்று ஏசிப் பாடினார். அது தன் சாமியிடம், தன் துயரத்துக்காகப் போட்ட உரிமைச் சண்டை. அடுத்தவர் சாமியைப் பேச அந்த உரிமை வராது.

நம் செய்யாறு திருவோத்தூர்க் கதையையும் பாருங்கள். அடியார் நட்ட பனையெல்லாம் ஆண்பனையாகிவிட, சமணர்கள் அவரைக் கேலி செய்தார்கள் என்கிறது பெரியபுராணம். சம்பந்தர் பதிகம் பாட, ஆண்பனை குலை ஈன்றதாம். அவர் பதிகங்களில் பத்தாம் பாட்டு பெரும்பாலும் சமணரையும் பௌத்தரையும் சாடும். இருதரப்பும் நேருக்கு நேர் மோதிய ஏழாம் நூற்றாண்டின் சூடு அது. இன்றும் சிவன் கோயில்களில் அந்தப் பாட்டு ஒலிக்கிறது, செய்யாறு, வந்தவாசிப் பக்கம் தமிழ்ச் சமணக் குடும்பங்களும் வாழ்கின்றன. அதற்காகப் பக்கத்து வீட்டு நயினாரை (தமிழ்ச் சமணரை) நிறுத்தி வைத்து யாரும் அதைப் பாடிக் காட்டுவதில்லை.

சரி, இப்போது என்ன செய்யலாம்? பஞ்சாயத்து கூட்டாதீர்கள். தனித்தனியாகப் பேசுங்கள். தம்பி தன் நம்பிக்கையை விட்டுக்கொடுக்க வேண்டாம். "அத்தனை பேர் முன்னால சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றால் போதும். அம்மாவோ காசுப் பேச்சை, அதைக் கேட்ட அக்கம்பக்கத்தார் காதுபடவே திரும்பப் பெற வேண்டும். இது அவருக்குக் கஷ்டம், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

அப்புறம், அடுத்த வைகாசிக்குத் தம்பியை வாசலில் வந்து நிற்கச் சொல்லாதீர்கள். படைப்பதற்கு முன்பே அவருக்குத் தனியாகச் சோறு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அவர் ஜெபம் பண்ணி முடிக்கும்வரை அம்மா குழம்பு ஊற்றாமல் காத்திருக்கட்டும்.