விமானம் செய்யும் கொம்பனியின் பங்கை வாங்கலாமா? கேள்விகளும் பதில்களும்

ஹட்டனில் உயர்தரக் கணக்கீடு படிப்பிக்கிறேன். போயிங், எயார்பஸ் பங்குகளைப் பற்றிப் பழைய மாணவர்களும் தெரிந்தவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சேர், 2024 முடிவில் எயார்பஸிடம் 8,658 விமானங்களுக்கு ஓடர் இருந்தது. இதைவிட என்ன வேண்டும்? (கட்டாரில் வேலை செய்யும் பழைய மாணவர்)

அந்த வருடம் அவர்கள் கையளித்தது 766. வகுத்துப் பாருங்கள் தம்பி, 11 வருட வேலை. விற்பனைக்குப் பஞ்சமில்லை, சரி. ஆனால் முற்பணம் போக, விலையில் பெரும்பகுதி விமானத்தைக் கையளிக்கும்போதுதான் வரும். மலையில் எவ்வளவு கொழுந்து நின்றாலும் தராசில் நிறுத்த பிறகுதானே கணக்கு? மாதாமாதம் கையளித்த எண்ணிக்கையைப் பாருங்கள்.

போயிங் 2018இல் 10 பில்லியன் டொலருக்கு மேல் இலாபம் காட்டி, அடுத்த வருடமே நட்டத்தில் விழுந்தது. முன்கூட்டியே தெரிந்திருக்குமா? (பண்டாரவளை, வங்கியில் வேலை செய்யும் தங்கை)

விபத்தை எந்த ஐந்தொகையிலும் (சொத்தும் கடனும் காட்டும் கூற்று) வாசிக்க முடியாது. இரண்டு 737 மெக்ஸ் விமானங்கள் விழுந்து 346 உயிர்கள் போயின. ஆனால் இப்படி ஓர் அடி விழுந்தால் கொம்பனி தாங்குமா என்பது ஐந்தொகையில் இருந்தது. அந்த 2018 ஆண்டறிக்கையை இன்றும் வகுப்பில் காட்டுகிறேன். வருமானம் 101 பில்லியன் டொலர், தேறிய இலாபம் 10.46 பில்லியன். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அப்புறம் பங்குதாரர் உரிமை, அதாவது சொத்தில் கடனைக் கழித்த மிச்சம், என்ற வரிக்கு விரலை இறக்கச் சொல்வேன். 339 மில்லியன். பில்லியன் இல்லை, மில்லியன்! 2013 முதல் 40 பில்லியனுக்கும் மேல் செலவழித்துச் சொந்தப் பங்குகளையே திருப்பி வாங்கியிருந்தார்கள். 2019 முடிவில் அந்த வரி பூச்சியத்துக்குக் கீழே 8 பில்லியனுக்கும் மேல் போனது. 2020 மார்ச்சில் பங்கிலாபமும் நின்றது.

தம்பி, புது மொடல் அறிவித்தால் பங்கு ஏறுமாமே? (நானுஓயா, ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிளாக்கர் ஐயா)

ஐயா, மீள்நடுகை உங்களுக்குத் தெரியாததா? பழைய தேயிலையைப் பிடுங்கி, மண் தேற குவாத்தமாலா புல் போட்டு, கன்று வைத்து, கொழுந்து எடுக்க எத்தனை வருடம்! அதுவரை செலவு மட்டும்தான். எயார்பஸ் ஏ380ஐச் செய்ய 2000இல் முடிவெடுத்தார்கள். முதல் விமானத்தைக் கையளித்தது 2007இல், கடைசியை 2021இல். மொத்தமே 251 விமானங்கள். போட்ட காசு திரும்பவில்லை. சில நிலங்களில் நட்டது பிடிப்பதேயில்லை.

நட்டம் வந்த வருடத்தில் விலை உழைப்பு விகிதத்தை எப்படிப் போடுவது சேர்? (மஸ்கெலியா, உயர்தர மாணவி)

போட முடியாது மகள். பங்கின் விலையைப் பங்கொன்றிற்கான உழைப்பால், அதாவது இலாபத்தால், வகுப்பதுதானே அது; இலாபமே இல்லையே. நல்ல வருடத்தில் போட்டாலும் ஏமாற்றும். 2018இல் போயிங்கின் பங்கொன்றிற்கான உழைப்பு 17.85 டொலர். 2019 மார்ச் ஆரம்பத்தில் விலை 440 டொலர் அளவில் இருந்தது, அதாவது ஏறக்குறைய 25 மடங்கு. அந்த உழைப்பு இன்னும் திரும்பவில்லை. பல வருடச் சராசரியை எடு, பங்குகளின் எண்ணிக்கையையும் பார். 2018இல் 300 டொலருக்கு மேல் கொடுத்துத் திருப்பி வாங்கியவர்கள், 2024 ஒக்டோபரில் 143 டொலருக்கு 11 கோடிக்கும் அதிகமான புதுப் பங்குகளை விற்றார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். அந்த வருட முடிவில் பங்குகள் சுமார் 75 கோடி. பழைய 10.46 பில்லியன் இலாபம் அப்படியே திரும்பினாலும் பங்குக்கு 14 டொலர்தான். பானைச் சோறு அதேதான், பந்தியில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

எஞ்சின் செய்யும் கொம்பனிகள்? (தலவாக்கலை)

அவர்களுக்கு உழைப்பு பெரும்பாலும் பராமரிப்பிலும் உதிரிப்பாகத்திலும்தான். விமானம் பறக்க வேண்டும். 2020இல் பறக்காதபோது ரோல்ஸ் ரோய்ஸ் பட்ட பாட்டைப் பாருங்கள்.

சேர், வீடு கட்டச் சேர்த்த காசு இருக்கிறது. போடட்டுமா? (மறுபடியும் கட்டார்)

வேண்டாம் தம்பி. போயிங் பங்கை 440 டொலருக்கு வாங்கியவர்கள் ஒரு வருடத்தில் 100 டொலருக்குக் கீழும் பார்த்தார்கள். அத்திவாரம் வெட்ட வேண்டிய காசு அதைத் தாங்காது. அம்மாவை லயத்திலிருந்து அந்த வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். பத்து வருடம் தொடத் தேவையில்லாத காசு சேர்ந்ததும், பிடித்த கொம்பனியின் ஐந்து வருடக் காசுப்பாய்ச்சல் கூற்றை (கையில் வந்த காசும் போன காசும் காட்டுவது) எனக்கு அனுப்புங்கள். வரி வரியாகச் சேர்ந்து பார்ப்போம்.