உங்கள் மனைவி கேட்டதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்

கேள்வி: நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவன். ஒரு மருத்துவ ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினேன். மேற்கோள் பட்டியல் விதிப்படி இல்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மொத்தம் 58 ரெஃபரன்ஸ். ஏபிஏ என்ற மேற்கோள் முறையில் இருப்பதை வான்கூவர் என்ற இன்னொரு முறைக்கு மாற்ற வேண்டும். எனக்கு ஆய்வக வேலையே சரியாக இருக்கிறது. அதனால் என் மனைவிதான் அலுவலகம் முடிந்து வந்து, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, இரவில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறார். ஒவ்வொரு தடவையும் தப்பு வருகிறது. கேட்டால், "மூலக் கட்டுரையைக் காட்டுங்கள், அதைப் பார்த்து அடிக்கிறேன்" என்கிறார். எல்லாவற்றுக்கும் நான் எங்கே போவது? இன்னும் கவனமாகச் செய்யும்படி அவருக்கு எப்படிப் புரிய வைப்பது?

பதில்: கமாவும் புள்ளியும் இடம் மாறியதற்காகக் கட்டுரை திரும்பி வந்த கதையைப் பல பேர் எழுதியிருக்கிறார்கள். அதற்கு வழி இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. "எல்லாவற்றுக்கும் நான் எங்கே போவது?" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி.

எங்கேயும் போக வேண்டாம், தம்பி. அந்த 58 கட்டுரைகளும் உங்கள் கணினியிலேயே இருக்க வேண்டும். நீங்கள் படித்து, அடிக்கோடு போட்டு, "இதை முன்னுரையில் சொல்ல வேண்டும்" என்று ஓரத்தில் குறித்து வைத்திருக்க வேண்டும். கேட்டவுடன் எடுத்துக் காட்ட முடியவில்லை என்றால், அவற்றில் பலவற்றை நீங்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். வேறு யாரோ எழுதிய கட்டுரையின் கடைசிப் பக்கத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்து, "இதை அடித்துக் கொடு" என்று மனைவி கையில் கொடுத்திருக்கிறீர்கள். ஆய்வு செய்பவர் கேட்க வேண்டிய கேள்வியை உங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான் கேட்டிருக்கிறார். அவருக்குப் போய்க் கவனம் போதாது என்கிறீர்கள்!

இப்படி அள்ளுவதால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரே அச்சுப்பிழை, அதே தப்பான பக்க எண், பல கட்டுரைகளில் அப்படியே திரும்பத் திரும்ப வருவதை வைத்து 2003-ல் ஓர் ஆய்வு வெளியானது. மேற்கோள் காட்டுபவர்களில் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்பது அதன் கணிப்பு. இன்னொன்று இதைவிட மோசம். ரெஃபரன்ஸ் எப்படி எழுத வேண்டும் என்று காட்டுவதற்காக, ஒரு பெரிய பதிப்பகம் தன் வழிகாட்டியில் ஒரு மாதிரிக் கட்டுரையின் விவரத்தைப் போட்டிருந்தது. அப்படி ஒரு கட்டுரையே கிடையாது. அந்த இல்லாத கட்டுரையை கிட்டத்தட்ட 400 கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தது 2017-ல் வெளியே வந்தது. மாதிரிக் கோப்பிலேயே தங்கள் கட்டுரையை எழுதி, அந்த வரியை அழிக்க மறந்தவர்களும் அதில் இருக்கலாம். ஆனால் கடைசியாக ஒரு தடவை பட்டியலை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் ஒருவரும் மாட்டியிருக்க மாட்டார்கள்.

சரி, தப்பு ஏன் வருகிறது என்பதற்கு வருவோம். ஏபிஏ முறையில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் கட்டுரைக்குள்ளேயே வரும், பட்டியல் அகர வரிசையில் போகும். வான்கூவர் முறையில் எல்லாம் எண்தான். கட்டுரையில் எது முதலில் வருகிறதோ அது 1, அடுத்தது 2. இப்போது நீங்கள் முன்னுரையின் இரண்டாவது பத்தியில் புதிதாக ஒரு மேற்கோளைச் செருகுகிறீர்கள் என்று வையுங்கள். அது 7 ஆகும். பழைய 7 எட்டாகும், 8 ஒன்பதாகும், இப்படியே கடைசி வரை எல்லாம் நகரும். பட்டியலில் மட்டும் மாற்றினால் போதாது. கட்டுரைக்குள் எங்கெல்லாம் அந்த எண் வருகிறதோ அங்கெல்லாம் மாற்ற வேண்டும். அட்டவணைக்குள் மட்டும் வரும் மேற்கோளுக்கு, அந்த அட்டவணையைக் கட்டுரையில் முதன்முதலில் குறிப்பிடும் இடத்தை வைத்து எண் போட வேண்டும். இதை நடுராத்திரியில் தூக்கக் கலக்கத்தோடு, துறைக்கே சம்பந்தமில்லாத ஒருவர் கையால் செய்தால் தப்பு வராமல் என்ன செய்யும்? அவர் ஒரு தடவை சரிசெய்த பிறகு நீங்கள் எத்தனை மேற்கோள்களைச் சேர்த்தீர்கள், எத்தனையை எடுத்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இதை மனிதர் யாரும் கையால் செய்ய வேண்டியதே இல்லை. ஸோட்டெரோ என்ற இலவச மென்பொருள் 2006 முதல் இருக்கிறது. எண்ட்நோட், மெண்டலே என்று வேறும் உண்டு. ஒவ்வொரு கட்டுரைக்கும் 10 என்று தொடங்கும் டிஓஐ எண்ணை, அதாவது அந்தக் கட்டுரைக்கே உரிய நிரந்தர அடையாள எண்ணைக் கொடுத்தால் விவரங்கள் தானாக வந்து சேரும். ஆய்விதழின் நடையைத் தேர்ந்தெடுத்தால் 58-ம் மாறிவிடும், நடுவில் செருகினாலும் எண்கள் தாமாக நகரும். அப்புறம் நீங்கள் சரிபார்க்க வேண்டும். தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் வந்திருக்கும், பக்க எண் விடுபட்டிருக்கும், ஆசிரியரின் பெயரும் முதலெழுத்தும் இடம் மாறியிருக்கும். எத்தனை ஆசிரியர்களைப் போட வேண்டும் என்பதும் மாறும். ஏபிஏ ஏழாம் பதிப்பு 20 பேர் வரை எல்லோரையும் போடச் சொல்கிறது. வான்கூவர் முறையைப் பின்பற்றும் இதழ்கள் பலவும் ஆறு பேரோடு நிறுத்தி, மற்றவர்களை 'எட் ஆல்' (மற்றும் பிறர்) என்று முடித்துவிடுகின்றன. உங்கள் இதழின் வழிகாட்டியில் இருப்பதுதான் உங்களுக்குச் சட்டம். செயற்கை நுண்ணறிவிடம் பட்டியலைக் கொடுத்து மாற்றித் தரச் சொல்லும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். இல்லாத கட்டுரையை இருப்பதுபோல் எழுதித் தரக்கூடியது அது.

ஆக, மென்பொருள் செய்ய வேண்டிய வேலையை மனைவியிடம் கொடுத்தீர்கள். நீங்கள் மட்டுமே செய்ய வேண்டிய வாசிப்பை யாருமே செய்யவில்லை. வீட்டில் ஒருவர் படிக்கும்போது மற்றவர் தோள் கொடுப்பது நல்ல குடும்பத்தின் அடையாளம், நான் அதை மதிக்கிறேன். ஆனால் தோள் கொடுப்பவருக்குத் தூக்கத்தையும் பறித்து, பழியையும் கொடுப்பது எந்த விதத்தில் நியாயம்? ஆய்வகத்தில் உங்களுக்கு எட்டு மணி நேர வேலை இருக்கலாம். அவருக்கு அலுவலகம் உண்டு, குழந்தை உண்டு, அதற்கு மேல் உங்கள் 58 ரெஃபரன்ஸ். இதில் புரிய வேண்டியது உங்களுக்குத்தான்.

இன்று இரவு குழந்தையை நீங்கள் தூங்க வையுங்கள். மனைவியிடம் மன்னிப்புக் கேளுங்கள், சுற்றி வளைக்காமல். நாளை இதழ் ஆசிரியருக்கு எழுதி, பட்டியலை மூலத்தோடு சரிபார்க்க இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள். தருவார்கள், தப்பான பட்டியலை நான்காவது தடவை பார்ப்பதைவிட அது அவர்களுக்கும் நிம்மதி. பிறகு ஒவ்வொரு மேற்கோளாகத் திறங்கள். நீங்கள் எழுதிய வாக்கியத்தை அந்தக் கட்டுரை உண்மையிலேயே தாங்குகிறதா என்று பாருங்கள். அது பின்னாளில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரையா என்றும் பாருங்கள்; ஸோட்டெரோ அதையும் எச்சரிக்கும். கிடைக்காததை, படிக்காததை எடுத்துவிடுங்கள். 58 என்பது 41 ஆனால் ஆகட்டும்.

தட்டச்சு செய்ததற்காக மனைவி பெயரைக் கட்டுரை ஆசிரியர்களில் சேர்க்க முடியாது, சேர்க்கவும் கூடாது. நன்றியுரையில் போடலாம். அதற்கு முன் அவரைக் கேளுங்கள், அவர் சம்மதித்தால் மட்டும் போடுங்கள்.