லென் பயாஸ் இருந்திருந்தால் – கடிதம்

ஐயா,

மைக்கேல் ஜோர்டான் பற்றிய உங்கள் கட்டுரையில் போகிறபோக்கில், 1986இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி தேர்ந்தெடுத்த இரண்டே நாளில் இறந்துபோன கல்லூரிக் கூடைப்பந்து வீரர் லென் பயாஸின் பெயரைச் சொல்லியிருந்தீர்கள். அவருடைய கல்லூரி ஆட்டங்களைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். மனம் ஆறவில்லை. அவர் இறக்காமல் இருந்திருந்தால் ஜோர்டானுக்கு ஆறு பட்டங்கள் கிடைத்திருக்குமா? என் நண்பர்களோ, "என்பிஏ தொழில்முறை லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவரை வைத்து எதற்கு இந்தக் கணக்கு?" என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். என்பிஏ அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1986ஆம் வருடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாகத் தேர்வான கிறிஸ் வாஷ்பர்ன், ஆறாவது வில்லியம் பெட்ஃபோர்ட், ஏழாவது ராய் டார்ப்லி ஆகிய மூவரின் ஆட்ட வாழ்க்கையையும் போதைப் பழக்கம் தின்றுவிட்டது. அதே டிராஃப்டில் 27ஆவதாக வந்த டென்னிஸ் ராட்மன், கூடைப்பந்தின் பெருமைக் கூடமான ஹால் ஆஃப் ஃபேம் வரை போனார். கல்லூரியில் மின்னியவரெல்லாம் என்பிஏவிலும் மின்னுவார் என்று யாரும் எழுதித் தர முடியாது.

இருந்தாலும் பயாஸ் விஷயத்தில் நான் துணிந்து பேசுவேன். 1986 பிப்ரவரி 20 அன்று நார்த் கரோலினாவுடன் பயாஸின் கல்லூரி அணியான மேரிலாண்ட் ஆடிய ஆட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆட்டம் நடந்த நார்த் கரோலினாவின் அரங்கம் அதே வருட ஜனவரியில் திறந்தது. அங்கே நார்த் கரோலினா அதுவரை தோற்றதே இல்லை. ஆட்டம் முடியும் நேரம், மேரிலாண்ட் பின்தங்கியிருக்கிறது. பயாஸ் எழும்பி எறியும் ஜம்ப் ஷாட் ஒன்றைப் போடுகிறார். பந்து வலைக்குள் விழுந்து, எதிரணி அதைக் கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே எறிகிறது. சட்டென்று குறுக்கே பாய்ந்து அதைப் பறிக்கிறார். கூடைக்கு முதுகைக் காட்டியபடியே எழும்பித் தலைக்குப் பின்னால் பந்தைக் கூடைக்குள் அமுக்கி டங்க் செய்கிறார். அன்று அவர் எடுத்தது 35 புள்ளிகள், ஓவர்டைமில் மேரிலாண்டுக்கு வெற்றி. அந்தத் துள்ளல் வேறு சிலருக்கும் இருந்தது. ஆனால் 6 அடி 8 அங்குல உயரம், அந்தத் துள்ளல், அவ்வளவு சுத்தமான ஜம்ப் ஷாட் எல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

சரி, ஜோர்டானுக்கு வருகிறேன். அவருடைய பட்டங்கள் பெரும்பாலும் அப்படியேதான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். 1991இல் பயாஸுக்கு 27 வயது. ஏழு ஆட்டத் தொடர் ஒன்றைக் கடைசி ஆட்டம் வரை இழுத்திருக்கலாம். ஆனால் அதற்குள் பாஸ்டனின் நட்சத்திரம் லாரி பேர்டின் முதுகு போய்விட்டது. ஜோர்டானின் சிகாகோ அணியிலோ அவருடைய சகா ஸ்காட்டி பிப்பன் தேறிவிட்டார். பயாஸ் மாற்றியிருக்கக்கூடியது அதற்கு முந்தைய நான்கு வருடங்களைத்தான். ஜோர்டானையே சுற்றிச் சுற்றிப் பேசுவதில் இந்த வருடங்கள் கண்ணில் படாமல் போகின்றன என்பது என் நெடுநாள் வருத்தம்.

பாஸ்டன் செல்டிக்ஸ் 1986 ஜூன் 8 அன்று சாம்பியன் ஆனது. அந்த சீசனில் 67 வெற்றி, 15 தோல்வி. அப்படிப்பட்ட அணிக்கு ஒன்பதே நாள் கழித்து, பொதுவாகப் பின்தங்கிய அணிகளுக்குக் கிடைக்கும் டிராஃப்டின் இரண்டாவது இடம்! 1984இல் ஆட்டக்காரர் ஜெரால்ட் ஹெண்டர்சனை சியாட்டில் அணிக்குக் கொடுத்து, செல்டிக்ஸின் தலைவர் ரெட் ஆவர்பாக் வாங்கி வைத்திருந்த வாய்ப்பு அது. ஆவர்பாக்குக்கு இது பழகிய வழி. 1962இல் ஜான் ஹாவ்லிசெக்கைக் கொண்டுவந்து, பில் ரஸ்ஸலின் சாம்பியன் அணியில் மாற்று ஆட்டக்காரராகப் பெஞ்சிலிருந்து இறங்கும் ஆளாக வளர்த்தார். ரஸ்ஸல் 1969இல் விலகிய பிறகும் 1974, 1976 பட்டங்கள் வந்ததென்றால் அதற்கு ஹாவ்லிசெக் ஒரு பெரிய காரணம். மூத்தவர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் பக்கத்தில் இருந்து தேற வேண்டும். பயாஸுக்கு வைத்திருந்த இடம் அதுதான்.

ஜூன் 17 அன்று தேர்வானார். மறுநாள் அப்பாவோடு பாஸ்டனுக்குப் போய்விட்டு இரவு மேரிலாண்ட் திரும்பினார். 19ஆம் தேதி காலை இறந்துவிட்டார். கொக்கெய்னால் இதயத் துடிப்பு குலைந்து நின்றுவிட்டது. வயது 22.

அடுத்த சீசனில் என்ன நடந்தது பாருங்கள். பெஞ்சின் தூணாக இருந்த பில் வால்டன் காயத்தால் 10 ஆட்டங்கள்தான் ஆடினார். 48 நிமிட ஆட்டத்தில் பேர்டும் கெவின் மெக்ஹேலும் சராசரியாக 40 நிமிடம் களத்தில் நின்றார்கள். பேர்டுக்கு 30 வயது. மெக்ஹேல் பாத எலும்பு முறிந்த நிலையிலேயே பட்டத்துக்கான பிளேஆஃப் ஆட்டங்களில் ஆடினார், கோடையில் அறுவை சிகிச்சை, அடுத்த சீசனின் தொடக்கத்தையும் தவறவிட்டார். 1988-89இல் பேர்ட் இரண்டு குதிகால்களிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு 6 ஆட்டங்களோடு நிறுத்த வேண்டியதாயிற்று. இந்த இருவரும் ஆடும் ஃபார்வர்ட் இடங்களில்தான் பயாஸும் ஆடியிருப்பார். ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் அவர் வாங்கிக்கொண்டிருந்தால்? அந்தக் காலோடு மெக்ஹேலை இறக்கியே தீர வேண்டிய நெருக்கடி இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

1987 இறுதிப் போட்டியில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸிடம் 4-2 என்று தோற்றார்கள். அதில் நான்காவது ஆட்டம், பாஸ்டனிலேயே, 107-106. லேக்கர்ஸின் மேஜிக் ஜான்சன் தலைக்கு மேலாக ஒரு கையால் வீசிய அந்தக் குட்டி ஸ்கைஹுக் ஒன்றுதான் வித்தியாசம். 1988இல் கிழக்குப் பிரிவின் இறுதியில் டெட்ராய்ட்டிடம் தோல்வி. லேக்கர்ஸ் இரண்டு வருடமும் பட்டம் வென்றது. 1969க்குப் பிறகு அதுவரை யாரும் அடுத்தடுத்து வென்றதில்லை, அதனால் அது இன்றும் பெரிதாகப் பேசப்படுகிறது. பயாஸ் இருந்திருந்தால் அந்த இரண்டில் ஒன்றாவது பாஸ்டனுக்கு வந்திருக்கும் என்று நம்புகிறேன். டெட்ராய்ட்டும் 1989, 1990 பட்டங்களுக்கு இன்னும் அதிகமாகப் போராட வேண்டியிருந்திருக்கும். பாஸ்டனோ அடுத்த பட்டத்துக்கு 2008 வரை காத்திருந்தது. நடுவே 1993இல் தன் வீரர் ரெஜி லூயிஸையும் இதய நோயில் பறிகொடுத்தது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பயாஸின் மரணம் கூடைப்பந்தைவிட அமெரிக்கச் சட்டத்தைத்தான் அதிகம் மாற்றியது. அன்றைய கீழவை சபாநாயகர் டிப் ஓநீல் பாஸ்டன் பகுதிக்காரர். ஊரே இதைப் பற்றிக் கொதித்துப் பேசுவதைக் கேட்டுவிட்டு வாஷிங்டன் திரும்பியவர், போதைப்பொருள் சட்டத்தை அவசர அவசரமாக முடுக்கிவிட்டார். அக்டோபர் 27 அன்று அதிபர் ரீகன் கையெழுத்திட்டார். புகைத்து உறிஞ்சும் கட்டியான கிராக் கொக்கெய்ன் 5 கிராம் விற்றால் குறைந்தது ஐந்து வருடச் சிறை. அதே தண்டனைக்குத் தூள் கொக்கெய்ன் என்றால் 500 கிராம் வேண்டும். பயாஸ் உட்கொண்டது தூள்தான், ஆனால் கிராக் என்றே பலரும் நம்பினார்கள். அந்தக் கிராக் தண்டனையால் சிறைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர்கள், பயாஸின் வயதை ஒட்டிய பையன்கள் எத்தனையோ பேர். 2010இல்தான் அந்த நூறு மடங்கு வித்தியாசத்தைப் பதினெட்டாகக் குறைத்தார்கள். அதற்கு முன்பே தண்டனை பெற்று உள்ளே இருந்தவர்களும் குறைக்கக் கோரலாம் என்று சட்டம் வந்தது 2018இல்.

அன்புடன்.