“கெடுதல்” என்று எல்லோரும்தான் டிக் அடிக்கிறார்கள்

கேள்வி: 14, 15 வயதுப் பிள்ளைகளிடம் சிகரெட் பற்றி வினாத்தாள் கொடுத்தோம். ஏறக்குறைய எல்லோருமே “உடலுக்குக் கெடுதல்” என்று எழுதிவிட்டார்கள். இதை வைத்து என்ன தெரிந்துகொள்வது?

பதில்: எதுவும் தெரியாது. எல்லோரும் ஒரே விடை தரும் கேள்வி யாரையும் பிரித்துக் காட்டாது. சிகரெட் கெடுதல் என்று மனதார நம்பும் பிள்ளையே, “ஒன்றிரண்டு வருடம் பிடித்துவிட்டு விட்டுவிடலாம்” என்றும் நம்பலாம். கேட்கவேண்டியது அந்த இரண்டாவது நம்பிக்கையை. பொதுவான தீங்கு, தனக்கு நேரும் தீங்கு, நினைத்தபோது விடமுடியும் என்ற எண்ணம், கூச்சம் போகும், எடை குறையும் என்பது போன்ற பலன்கள் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் “ஆம்”, “இல்லை” என்று விடை தரும்படி மூன்று நான்கு வாக்கியங்கள் வையுங்கள். விடைகளுக்கான மதிப்பெண்களையும் தனித்தனியாகவே கூட்டுங்கள். ஒன்றாகக் கூட்டினால், தீங்கை அறிந்தும் பலனை நம்பும் பிள்ளை சராசரிக்குள் மறைந்துபோகும். நாம் கவலைப்படவேண்டியது அந்தப் பிள்ளையைப் பற்றித்தான்.

இன்னொரு கேள்வியை விடவே கூடாது: “நெருங்கிய நண்பர் சிகரெட் கொடுத்தால் பிடிப்பாயா?” நிச்சயம் மாட்டேன், அநேகமாக மாட்டேன், அநேகமாகப் பிடிப்பேன், நிச்சயம் பிடிப்பேன் என நான்கு விடைகள். 13 முதல் 15 வயதினரிடம் 1999 முதல் பல நாடுகளில் நடக்கும் உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பிலும் இதுபோன்ற கேள்வி உண்டு. இதுவரை பிடிக்காத பிள்ளை “நிச்சயம் மாட்டேன்” தவிர வேறு எதைச் சொன்னாலும், தொடங்க வாய்ப்புள்ளவர் என்றே எண்ணவேண்டும். “அநேகமாக மாட்டேன்” என்பதை “மாட்டேன்” கணக்கில் சேர்ப்பது பெரிய பிழை. அந்தச் சின்னத் தயக்கத்தைப் பிடிக்கத்தானே இந்தக் கேள்வி!

கேள்வி: பிள்ளைகள் உண்மையைச் சொல்வார்களா?

பதில்: பெயரும் வரிசை எண்ணும் கேட்காமல், ஆசிரியர் இருக்கைகளுக்கு நடுவே நடக்காமல் இருந்தால் பெரும்பாலும் சொல்வார்கள். பெற்றோர் அருகில் இருக்க வீட்டில் வைத்துக் கேட்டால் குறைத்தே சொல்வார்கள். பலர் கவனிக்காத ஒன்று: “பிடித்ததில்லை என்றால் 20-ஆம் கேள்விக்குப் போகவும்” என்று எழுதினால், பிடித்த பிள்ளை மட்டும் கடைசிவரை எழுதிக்கொண்டிருக்கும், பக்கத்தில் இருப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு கேள்வியிலும் “நான் பிடித்ததே இல்லை” என்று ஒரு விடை வையுங்கள். எல்லோரும் எல்லாக் கேள்விக்கும் விடை தருவார்கள். பெற்றோர் அனுமதியோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும். வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதீர்கள்.

கேள்வி: சிலர் படிக்காமலே “ஆம், ஆம்” என்று போட்டுவிடுகிறார்களே?

பதில்: சில வாக்கியங்களை எதிர்த்திசையில், அதாவது அதே கருத்துள்ளவர் “இல்லை” என்று போடவேண்டிய விதத்தில், எழுதுங்கள். ஆனால் “இல்லை என்பதை ஏற்கவில்லை” போன்ற இரட்டை எதிர்மறை வேண்டாம். கூட்டும் முன் எதிர்த்திசை வாக்கியங்களின் மதிப்பெண்ணைத் திருப்ப, அதாவது “ஆம்” என்பதற்கான மதிப்பெண்ணை “இல்லை” என்பதற்குக் கொடுக்க, மறக்காதீர்கள். “ஆபத்தானது, அசிங்கமானது” என்று இரண்டை ஒரே வாக்கியத்தில் கேட்காதீர்கள். “புகையிலை” என்றால் மெல்லுவது என்று சிலர் நினைப்பார்கள். சிகரெட் என்றே எழுதி, மின்சிகரெட்டைத் தனியாகக் கேளுங்கள். அச்சடிக்கும் முன் எட்டுப் பத்துப் பிள்ளைகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று அவர்கள் சொற்களிலேயே கேட்டுப் பாருங்கள்.