‘சம்பளத்திலேயே பிடிச்சிக்கிறாங்க’

கேள்வி: எனக்கு வயது 33. கோலாலம்பூரில் ஜாஸ் பியானோ முறையாகப் படித்தவன். ஆறு வருஷமாக ஒரு ஓட்டல் லவுஞ்சில் வாரம் நாலு இரவு வாசிக்கிறேன். இரவுக்கு 250 வெள்ளி (ரிங்கிட்). மூன்று வருஷத்துக்கு முன் செந்தூலில் என் வாடகை வீட்டு அறை ஒன்றை ஸ்டூடியோ ஆக்கினேன். உள்ளூர்த் தமிழ்ப் பாடகர்களுக்கு மெட்டுப் போட்டு, புரொடக்‌ஷனும் செய்து தருகிறேன். இதுவரை 19 பாட்டு, ஒன்றுக்குச் சராசரி 1,200 வெள்ளி. சில பாட்டு வானொலியில் வருகிறது. எல்லாரும் தெரிந்தவர்கள் என்பதால் அக்ரிமெண்ட் எதுவும் போடவில்லை. இரண்டு கீபோர்டு, ஸ்பீக்கர், மைக் என்று சாமான் வாங்கிய 40,000 வெள்ளிக் கடன் அக்கா பெயரில் இருக்கிறது. பத்து வருஷக் கடன். அக்கா பிறையில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அம்மாவும் அவரும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மாதம் 480 வெள்ளி அவர் சம்பளத்திலேயே பிடிச்சிக்கிறாங்க, அதனால் அந்தக் கவலை இல்லை. ‘உன் பாட்டில் ஜாஸ் வாடை தூக்கல்’ என்று சொல்கிறார்கள். ஓட்டல் வாசிப்பால் நேரமும் போகிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேர மியூசிக் புரொடியூசர் ஆகிவிடலாமா? (கடிதம் சுருக்கப்பட்டது.)
— பெயர் வேண்டாம், கோலாலம்பூர்

பதில்: தம்பி, நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பக்கம் ஜாஸ். ஒரு பக்கம் ஓட்டல் மேனேஜர். அக்காவுக்கு மூன்று வரி, அதுவும் “அந்தக் கவலை இல்லை” என்று முடிகிறது. யாருக்கு இல்லை? பணம் உங்கள் கைக்கு வராமலே போவதால் உங்களுக்கு வலிக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டைப் பார்க்கிறவர் அவர்.

இந்தக் கடிதத்தைப் பலரும் பல பெயரில் எழுதுகிறார்கள். கேமரா வாங்கியவர், கேட்டரிங் தொடங்கியவர், இப்போது பியானோ. கேள்வி எப்போதும் ‘வேலையை விடலாமா’ என்றுதான் இருக்கும். கடன் யார் பெயரில் என்பது நடுவில் எங்கோ ஒளிந்திருக்கும்.

நீங்கள் போடாத கணக்கைப் போடுவோம். 19 பாட்டு, 1,200 வீதம் 22,800 வெள்ளி. இது மூன்று வருஷத்து வரவு. அதே மூன்று வருஷத்தில் அக்கா கட்டியது 36 மாதம், 480 வீதம் 17,280 வெள்ளி. கழித்தால் 5,520. மாதத்துக்கு 153 வெள்ளி. பிளக்-இன் சந்தா, ஏர்கோன் ஓடிய மின்கட்டணம், பாடகர்களுக்கு வாங்கித் தந்த நாசி லெமாக் எல்லாம் இந்த 153இல்தான் அடங்க வேண்டும். அடங்கியிருக்காது. உங்கள் ஸ்டூடியோ லாபத்தில் ஓடவில்லை, ஓர் ஆசிரியையின் சம்பளத்தில் ஓடுகிறது. முழுநேரம் ஆகலாமா என்று கேட்கிறீர்களே, அவர் மூன்று வருஷமாக உங்களுக்கு முழுநேர முதலாளியாக இருப்பது உங்களுக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. அரசு ஊழியரின் சம்பளத்தில் மொத்தப் பிடித்தம் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அரசு ஊழியருக்கு எல்பிபிஎஸ்ஏ வாரியம் தரும் வீட்டுக் கடனும் சம்பளப் பிடித்தம்தான். அக்கா நாளைக்கு ஒரு வீட்டுக்கு மனுப் போட்டால், உங்கள் கீபோர்டு அங்கே 480 வெள்ளியாக முன்னால் வந்து நிற்கும். அம்மாவோடு இன்னும் வாடகை வீட்டில் இருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மனுப் போட்டுப் பார்த்தாரா, போடாமலே விட்டுவிட்டாரா என்று ஒருமுறையாவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் கடிதத்தில் வந்திருக்கும்.

அக்காவிடம் கணக்குப் பேசாத அதே பழக்கம்தான் தொழிலிலும். “எல்லாரும் தெரிந்தவர்கள், அக்ரிமெண்ட் போடவில்லை.” இதன் விலை என்ன தெரியுமா? மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 26ஆம் பிரிவைப் படியுங்கள். ஒருவர் உங்களிடம் கேட்டு, அவருக்காகவே செய்து வாங்கிக்கொண்ட படைப்பின் உரிமை அவருக்குப் போய்விட்டதாகவே கொள்ளப்படும், வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் ஒழிய. எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் சட்டம் காசு கொடுத்தவர் பக்கம் பேசும். நீங்களாக முன்பே போட்டு வைத்திருந்த மெட்டைப் பிறகு ஒரு பாடகர் எடுத்துக்கொண்டார் என்றால் கதை வேறு; அதன் உரிமை உங்களுடையது, எழுத்து இல்லாமல் அது கைமாறாது. ஒலிப்பதிவோ தனி உரிமை. அந்தப் பதிவை ஏற்பாடு செய்தவர் யாரோ அவரையே சட்டம் அதன் ஆசிரியராகக் கொள்கிறது. ஆக 19 பாட்டையும் இன்று இரவே இரண்டாகப் பிரியுங்கள்: கேட்டுச் செய்தது, முன்பே செய்தது. இரண்டாவது குவியலுக்கு ஆதாரமாகப் பழைய புரொஜெக்ட் கோப்பின் தேதி, போனில் முனகிப் பதிந்த குரல் குறிப்பு, அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். விரும்பினால் மைஐபிஓவில் (மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம்) பதிப்புரிமை அறிவிப்பும் செய்யலாம். கட்டாயம் இல்லை, ஆனால் தகராறு வந்தால் கைகொடுக்கும்.

வானொலியில் வருகிற பாட்டுக்கு எம்ஏசிபியில் உறுப்பினராகிப் பாட்டுகளை அறிவித்திருக்கிறீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை, ஆகவே இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன். மெட்டும் வரியும் போட்டவர்களின் ஒலிபரப்புப் பங்கை வசூலிப்பது அந்த அமைப்பு. பதிவின் சொந்தக்காரருக்கு வசூலிப்பது பிபிஎம். இரண்டும் வெவ்வேறு காசு, வெவ்வேறு கதவு. மெட்டு யார், வரி யார், யாருக்கு எத்தனை விழுக்காடு என்று அறிவிக்காத பாட்டுக்கு வரும் காசுக்கு உங்கள் வீட்டு விலாசம் தெரியாது. இரண்டு பேர் வெவ்வேறு விழுக்காடு அறிவித்தால் அந்தப் பாட்டுக் காசு நடுவில் நிற்கும். அதனால்தான் பங்கை முதலில் பேசி எழுதச் சொல்வது.

அதற்கு வக்கீல் வேண்டாம், ஒரு பக்கம் போதும். பாட்டின் பெயர், தேதி, ஐசியில் (அடையாள அட்டை) உள்ளபடி பெயர், ஐசி எண், மெட்டுப் பங்கு, வரிப் பங்கு, பதிவின் சொந்தக்காரர், கட்டணம், ‘பொது ஒலிபரப்பு உரிமை எழுதியவர்களிடமே இருக்கும்’ என்று ஒரு வரி, கையெழுத்து. குரல் பதிவு முடிந்து பாடகர் செருப்பு மாட்டுவதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும். பாட்டு ஓடிய பிறகு கையெழுத்துக் கேட்டால் நீங்கள் பேராசைக்காரர்; பதிவு அன்று கேட்டால் அது வெறும் நடைமுறை.

காசு வாங்குவதிலும் அப்படியே. பாதி, செஷன் தேதி குறிக்கும்போது. மீதி, கோப்பு கைமாறும் முன். அதுவரை நடுநடுவே பீப் ஒலி விழும் எம்பி3 மட்டும் கொடுங்கள். காசு வந்த பிறகு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ்: முழு மிக்ஸ், குரல் இல்லாத கரோக்கி, குரல் மட்டும். திருத்தம் இரண்டு தடவை, மூன்றாவதுக்குத் தனிக் காசு. பலர் சறுக்குவது எங்கே என்றால், ‘பிரதர், போல்டரை அப்படியே அனுப்புங்க’ என்றதும் முழு புரொஜெக்டையும் அனுப்பிவிடுவது. அதோடு உங்கள் ஒலிகள், உங்கள் செட்டிங், பாக்கிக் காசு மூன்றும் போயிற்று.

பில்லில் தயாரிப்புக் கட்டணத்தையும் உரிமத்தொகையையும் (ராயல்டி) ஒரே வரியில் குழப்பாதீர்கள். இசையமைப்புக்கான உரிமத்தொகைக்கு ஆண்டுக்கு 20,000 வெள்ளி வரை வருமான வரி விலக்கு உண்டு. தயாரிப்புக் கட்டணத்துக்கு அது கிடையாது.

இனி ஜாஸ் வாடை. அந்தக் குறையைச் சொன்னவர்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள், பெயர்தான் தவறாக வைத்துவிட்டார்கள். சி-யை சட்ஜமாக வைத்துப் பாடகி சாதாரண காந்தாரத்தில், அதாவது ஈ-க்கு அரைச் சுரம் கீழே, ஆட்டி நிற்கிறார் என்று வையுங்கள். உங்கள் இடது கை சி மேஜர் செவன்த் கோர்டு பிடித்திருக்கிறது. அதற்குள் இருக்கும் ஈ அந்தர காந்தாரம். அரைச் சுரம் உரசுகிறது. உங்கள் காதுக்கு அது புளூஸ் மாதிரி இனிக்கும். அடுப்படியில் வானொலி கேட்கிற அம்மாவுக்குப் பாடகி அபஸ்வரம் பாடுவதாகத்தான் கேட்கும். பழியும் அந்தப் பெண் தலையில்தான் விழும். ஈ-யை எடுத்துவிடுங்கள். சி, ஜி, டி போதும். மூன்றாவது சுரத்தைப் பாடகி சொல்லட்டும். சி-யையும் பேஸ் கிட்டாருக்கு விட்டுக்கொடுத்தால் அடிப்பக்கம் சேறு கட்டாது. குரல் வருகிற இடங்களில் பியானோவை 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை ஒரு மூன்று டெசிபெல் இறக்குங்கள். சரணத்தில் இரண்டு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) ஒரு கோர்டு. படித்த டூ-ஃபைவ்-ஒன் ஜாஸ் கோர்டு வரிசையை எல்லாம் இடையிசைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே யாரும் உங்களைத் தடுக்கப்போவதில்லை.

பாடலாசிரியருக்குத் தத்தகாரம் (வரி இல்லாத வெறும் மெட்டு) அனுப்பும்போது எந்தச் சுரம் நீள்கிறது என்று குறித்து அனுப்புங்கள். ஜாஸ் சொற்றொடர் தாளத்துக்குப் பின்னால் சாய்ந்து நீளும். அந்த நீட்டலில் குறில் மாட்டினால் ‘மனம்’ பதிவில் ‘மானம்’ ஆகிவிடும், காதல் பாட்டு பஞ்சாயத்துப் பாட்டாகிவிடும். (உறுமி மேளக் குழுவை வைத்துப் பதிந்தால் அவர்களைக் கம்ப்யூட்டரின் தாளக் கட்டமான கிரிட்டில் இழுத்துக் கட்டாதீர்கள். பியானோவை அவர்களுக்கு ஏற்ப நகர்த்துங்கள். அவர்கள் தாளம் சரி, உங்கள் கிரிட்தான் தப்பு.)

முழுநேரம் பற்றி. உங்கள் பாதையிலேயே போன அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் 1960இல் பெரிய ஜாஸ் குழுவை வைத்துக்கொண்டு ஐரோப்பாவில் மாட்டி, கடனாளியானார். பிறகு நியூயார்க்கில் மெர்க்குரி ரெக்கார்ட்ஸ் கம்பெனியில் சம்பளத்துக்கு உட்கார்ந்தார். 1964இல் அங்கேயே துணைத் தலைவர். கடன் இருக்கும்போது அவர் செய்தது சம்பளம் தேடியது. நீங்கள் இருக்கிற சம்பளத்தை விடப் பார்க்கிறீர்கள்.

வாரம் நாலு இரவு என்றால் மாதம் ஏறக்குறைய 17 இரவு, 4,250 வெள்ளி. அதில் 800 வெள்ளியை அக்கா கணக்குக்கு மாதாமாதம் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிவையுங்கள். 480 இந்த மாதத் தவணை; 320 பழைய பாக்கி. 320 வீதம் 54 மாதத்தில் 17,280 தீரும். நாலு இரவு வாசித்தால் வருகிற காசுக்குள் இது அடங்கிவிடும். இரண்டாவது கீபோர்டை விற்றுவிடுங்கள். ஒரு கீபோர்டு கம்ப்யூட்டருக்குப் போதும். அந்தக் காசும் பழைய பாக்கிக்கே. கடனை முன்கூட்டி அடைத்தால் இப்ரா (இஸ்லாமிய முறைக் கடனில் முன்கூட்டி அடைப்பவருக்குத் தரும் தள்ளுபடி) எவ்வளவு என்று அக்காவைக் கடன் கொடுத்த இடத்தில் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். ‘வேண்டாம்டா தம்பி’ என்றுதான் அவர் சொல்வார். அதைச் சாக்காக்கி நிறுத்தாதீர்கள். அக்கா பாசத்தில் சொல்வதைத் தம்பி வசதிக்காக நம்புவது நம் வீடுகளில் பழைய வியாதி.

இதைப் போனில் பேசாதீர்கள். லவுஞ்ச் இல்லாத ஒரு நாளில் கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறினால் பிறைக்குப் பக்கத்திலிருக்கும் பட்டர்வொர்த் நாலு மணி நேரம் சொச்சம். அம்மா முன்னிலையில் உட்கார்ந்து, பாட்டுக்குப் போடச் சொன்ன அதே மாதிரித் தாளில் கடன் எவ்வளவு, கட்டியது எவ்வளவு, நீங்கள் தரவேண்டியது எவ்வளவு என்று எழுதி, ஐசி எண் போட்டுக் கையெழுத்திட்டு அக்காவிடம் கொடுங்கள்.

ஸ்டூடியோ வரவிலிருந்து மட்டும், ஓட்டல் காசைத் தொடாமல், ஆறு மாதம் தொடர்ந்து அந்த 800ஐயும் செந்தூல் வாடகையையும் கட்ட முடிந்தால் நாலு இரவை மூன்றாக்குங்கள். அதற்குமேல் ஓட்டலை விடுவது பற்றி அப்போது எழுதுங்கள். எழுதும்போது அந்த ஆறு மாதக் கணக்கையும் அனுப்புங்கள். சரிபார்த்தவர் என்ற இடத்தில் அக்கா கையெழுத்து இருக்க வேண்டும்.