கையெழுத்தில்லாத கட்டுப்பாடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எம்டிசிஆர் எனப்படும் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாடு ஓர் ஒப்பந்தமே அல்ல, மீறினால் தண்டனையும் கிடையாது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் 1990களில் கிரையோஜெனிக் (கடுங்குளிர் எரிபொருளில் இயங்கும் ராக்கெட் இன்ஜின்) தொழில்நுட்பம் ரஷ்யாவிடமிருந்து நமக்கு வராமல் தடுத்தது எது? யாரையும் கட்டுப்படுத்தாத ஒன்றில் இந்தியா 2016இல் ஏன் சேர வேண்டும்? உலோக உதிரிபாகங்கள் செய்து ஏற்றுமதி செய்பவன் நான். எனக்கு இதனால் என்ன?

மு., ஓசூர்

அன்புள்ள மு.,

தடுத்தது அமெரிக்கச் சட்டம். இஸ்ரோவுடன் 1991இல் ஒப்பந்தம் போட்ட சோவியத் விண்வெளி நிறுவனமான கிளாவ்காஸ்மோஸின் நாடு அப்போது எம்டிசிஆரில் உறுப்பினரே இல்லை. ரஷ்யா சேர்ந்தது 1995இல்தான். ஆனால் அந்த விதிகளை அமெரிக்கா தன் சட்டத்துக்குள் எழுதிவைத்திருந்தது. அதைக் காட்டி 1992 மே மாதம் இரு நிறுவனங்கள் மீதும் இரண்டாண்டுத் தடை விதித்தது. மறு ஆண்டு ரஷ்யா இறங்கிவந்தது: இன்ஜின் தருவோம், செய்யும் வித்தையைத் தரமாட்டோம். ஏழு இன்ஜின்கள் வந்தன. மைனஸ் 253 டிகிரியில் வைத்திருக்க வேண்டிய திரவ ஹைட்ரஜனை நிரப்பிக்கொண்டு எந்த ராணுவமும் போர் ஏவுகணையைத் தயாராக நிறுத்திவைக்காது. இந்தியாவின் அந்த வாதம் எடுபடவில்லை. சொந்த கிரையோஜெனிக் இன்ஜினுடன் ஜிஎஸ்எல்வி ராக்கெட் வெற்றிகரமாகப் பறக்க 2014 ஜனவரி ஆயிற்று.

எம்டிசிஆர் என்பது 1987இல் ஏழு நாடுகள் ஒப்புக்கொண்ட இரண்டு தாள்கள்தான்: நெறிமுறைகள், பொருள் பட்டியல். செயலகம் இல்லை. கடிதப் போக்குவரத்தைப் பாரிஸில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகம் பார்த்துக்கொள்கிறது. 500 கிலோவை 300 கி.மீ. கொண்டுபோகக்கூடியது முதல் வகை. அதற்குப் பெரும்பாலும் மறுப்புதான், அதைத் தயாரிக்கும் ஆலையை விற்கவே கூடாது. பட்டியலில் உள்ள மற்றவை இரண்டாம் வகை; அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுக்கலாம். ஒரு நாடு உரிமம் மறுத்தால் மற்றவர்களுக்குத் தெரிவிக்கும். அதே பொருளை விற்க நினைக்கும் உறுப்பு நாடு முதலில் மறுத்தவரிடம் கலந்து பேச வேண்டும். இந்தத் தகவல் பரிமாற்றம்தான் இதன் உயிர் என்பேன்.

நாடுகளைக் கட்டுப்படுத்தாத தாள், உங்களைக் கட்டுப்படுத்தும். நம் ஊரில் அது ஸ்காமெட் எனும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலாகவும் 2005ஆம் ஆண்டின் பேரழிவு ஆயுதச் சட்டமாகவும் வந்து நிற்கிறது. எம்டிசிஆர் பட்டியலில் மாரேஜிங் ஸ்டீல் எனும் மிக வலிமையான எஃகைப் பாருங்கள்: வெப்பத்தில் வயதாக்கிக் கடினப்படுத்திய நிலையில் 1.5 கிகாபாஸ்கல் அல்லது அதற்கு மேல் இழுவலிமை, 5 மி.மீ.க்கு மேற்படாத தகடு என்றால் கட்டுப்பாட்டுக்குள் வரும். சுங்கக் குறியீட்டை மட்டும் பார்த்துச் சரக்கை அனுப்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அந்தக் குறியீட்டில் கிகாபாஸ்கல் இருக்காது. எஃகு ஆலை தரும் சோதனைச் சான்றிதழைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலுக்குள் வந்தால், வாங்குபவரின் இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழோடு டிஜிஎஃப்டியிடம் (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) உரிமம் கேளுங்கள். வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்புவதும் ஏற்றுமதிதான். பட்டியலிலேயே இல்லாத பொருள்கூட ஏவுகணைக்குப் போகிறது என்று தெரிந்தால் உரிமம் வேண்டும்.

எல்லைக்கோடு இருந்தால் அதை ஒட்டியே வடிவமைப்பார்கள். ரஷ்யா ஏற்றுமதிக்கென்று செய்த இஸ்கந்தர் ஏவுகணை 280 கி.மீ. போகும், 480 கிலோ சுமக்கும். தற்செயல் என்று யாரும் நம்பப்போவதில்லை. சுமையைக் குறைத்தால் தூரம் கூடும் என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது விதி, ஆனால் கணக்குப் போடுவது விற்கும் நாடு. 2020இல் அமெரிக்கா, மணிக்கு 800 கி.மீ.க்குக் குறைவாகப் பறக்கும் பெரிய ட்ரோன்களை இரண்டாம் வகை போல நடத்தப்போவதாகத் தானாகவே அறிவித்தது. மற்ற உறுப்பு நாடுகளின் ஒருமித்த சம்மதம் கிடைக்கவில்லை; அது தேவைப்படவும் இல்லை.

இந்தியா ஏன் சேர்ந்தது? மறுப்புத் தகவல்கள் உள்ளே இருப்பவருக்கே கிடைக்கும். புதியவரைச் சேர்க்க எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2004இல் விண்ணப்பித்த சீனா இன்னும் வெளியே. 300 கி.மீ. கோட்டுக்குள் 290இல் நின்ற, ரஷ்யாவோடு கூட்டாகச் செய்த பிரமோஸ் ஏவுகணையை, நாம் சேர்ந்த பிறகு 2017 மார்ச்சில் கூடுதல் தூரத்துக்கு ஏவிப் பார்த்தார்கள். ஆனால் உறுப்பினர் என்பதற்காக முதல் வகைப் பொருளை இன்னொரு உறுப்பினர் நமக்கு விற்றே ஆகவேண்டும் என்ற உரிமை எதுவும் அதில் இல்லை.