ஷாட்கன் தோட்டா நிரப்ப யார் சொல்லும் அளவை நம்புவது?

12 கேஜ் தோட்டாக்களை வீட்டிலேயே மறுபடி நிரப்ப ஆரம்பித்திருப்பதாகவும், ஆளுக்கு ஓர் அளவு சொல்வதால் எந்த லோடு டேட்டாவை (எதை எவ்வளவு போடுவது என்ற பட்டியலை) எடுப்பது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பவுடர் (வெடிமருந்து) தயாரிக்கும் நிறுவனம் வெளியிட்ட அளவை எடுங்கள். அதற்கு அடுத்தபடியாக, அழுத்தத்தை அளந்து பார்த்து அச்சிட்ட கையேடு. இந்த இரண்டைத் தவிர வேறு எதை வைத்தும் ஒரு தோட்டாகூட நிரப்ப வேண்டாம். ஹாட்ஜ்டன் நிறுவனம் தன் டேட்டாவை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. கேஜ் (குழல் விட்டத்தின் அளவு), உறை, ரவையின் (உள்ளே போடும் சிறு குண்டுகளின்) எடை, பவுடர் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தால் பிரைமர் (பவுடரைப் பற்றவைப்பது), வாட் (பவுடருக்கும் ரவைக்கும் நடுவே வைக்கும் அடைப்பு), பவுடர் அளவு, அழுத்தம், வேகம் எல்லாம் ஒரே வரிசையில் வந்துவிடும். ஐஎம்ஆர், வின்செஸ்டர் பவுடர்களுக்கும் அங்கேயே பார்க்கலாம். அலையண்ட் தன் பவுடர்களுக்குத் தனியாக வெளியிடுகிறது. அச்சில் வேண்டுமென்றால் லைமன் நிறுவனத்தின் ஷாட்கன் கையேடு இருக்கிறது.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் ரைபிள் தோட்டா நிரப்பிப் பழகியவன். அங்கே குறைந்த அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போவோம். அதே பழக்கத்தில், நண்பர் ஒருவர் நோட்டில் எழுதிக் கொடுத்த ஷாட்கன் அளவிலிருந்து நானாகவே கொஞ்சம் பவுடரைக் குறைத்து நிரப்பினேன். நோட்டில் பிரைமர் பெயரே இல்லை. கையில் இருந்ததைப் போட்டுக்கொண்டேன். மூன்றாவது தோட்டா 'புஸ்' என்று மெல்லிய சத்தத்தோடு போனது. அடுத்ததை வைக்கப் போன என்னைப் பக்கத்தில் நின்றவர் கையைப் பிடித்து நிறுத்தினார். துப்பாக்கியைத் திறந்து குழலுக்குள் பார்த்தால், அழுத்தம் போதாமல் வாட் பாதி வழியில் சிக்கிக் கிடக்கிறது. அதன் பின்னால் இன்னொரு தோட்டாவைச் சுட்டிருந்தால் குழல் பிளந்திருக்கும். சத்தமோ உதைப்போ வித்தியாசமாக இருந்தால், அடுத்ததை வைக்கும் முன் குழலைப் பாருங்கள். ஒருமுறைகூட இதை விட்டுவிடாதீர்கள்.

ஷாட்கன் வேறு ஜாதி. 2¾ அங்குல 12 கேஜ் தோட்டாவுக்கு தோட்டாக்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்காவின் சாமி (SAAMI) அமைப்பு வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் 11,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு). .30-06 ரைபிளுக்கு அது 60,000. ரைபிளில் பிரைமர் தட்டையாவதை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். ஷாட்கனில் அப்படி ஓர் அறிகுறி கண்ணுக்குத் தெரிவதற்குள் அழுத்தம் எல்லையை எப்போதோ தாண்டியிருக்கும். வீட்டில் உட்கார்ந்துகொண்டு அழுத்தத்தை அறிய நமக்கு வழியே கிடையாது. சோதனைக் குழலில் கருவி வைத்து அளந்தவர்களுடைய எண்ணை வாங்கித்தான் ஆக வேண்டும்.

அந்த எண்ணும் அவர்கள் சோதித்த அதே சேர்க்கைக்குத்தான் பொருந்தும். உறை, பிரைமர், பவுடர், வாட், ரவை ஐந்தில் ஒன்றை மாற்றினாலும் அது வேறு லோடு. பிரைமரை மட்டும் மாற்றினாலே அழுத்தம் ஆயிரம் பிஎஸ்ஐக்கு மேலும் ஏறலாம். ஃபெடரல் நிறுவனத்தின் 209ஏ சூடான பிரைமர், அதாவது வீரியமாகப் பற்றவைப்பது, என்று பெயர் வாங்கியது. வேறொரு 209 வகைப் பிரைமருக்குச் சொன்ன அளவில் அதைப் போடக் கூடாது. உறைகளும் அப்படித்தான். வெளியே ஒரே மாதிரி தெரிந்தாலும், ரெமிங்டன் எஸ்டிஎஸ் உறை உள்ளே கீழ்நோக்கிக் குறுகும், செடைட் உறை நேராக இறங்கும், உள்ளே இடம் வேறுபடும். ஈய ரவைக்கான அளவில் இரும்பு ரவையைப் போடுவது பெரும் ஆபத்து. அதற்கு வாட், பவுடர் எல்லாமே வேறு.

அதனால் முதலில் டேட்டாவைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் பொருளை வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாட் பையை வாங்கி வைத்துவிட்டு அதற்கு ஏற்ற லோடைத் தேடுகிறவர்கள்தான் கடைசியில் 'ஏறக்குறைய இதே' என்ற இடத்தில் போய் நிற்கிறார்கள். புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

பவுடர் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். கிளேஸ், யுனிவர்சல் (முன்பு யுனிவர்சல் கிளேஸ்), இன்டர்நேஷனல் (முன்பு இன்டர்நேஷனல் கிளேஸ்) என்று மூன்று தனித்தனி பவுடர்கள் உண்டு. பழைய கையேடுகளில் அழுத்தம் எல்யுபி என்ற அலகில் இருக்கும். அதை பிஎஸ்ஐ ஆக மாற்றச் சூத்திரம் இல்லை, மாற்ற முயலவும் வேண்டாம். பழைய புத்தகத்துக்கும் தயாரிப்பாளரின் இன்றைய பட்டியலுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் இன்றைய பட்டியல்தான்.

இன்னொன்று, பிரஸ்ஸோடு (தோட்டா நிரப்பும் கருவியோடு) வரும் புஷிங் (பவுடரை அளந்து விழவிடும் துளையுள்ள உருளை) அட்டவணை. புஷிங் பவுடரைக் கன அளவில் அளக்கிறது, டேட்டாவோ எடையில், கிரெயினில் இருக்கிறது. இரண்டும் சரியாகப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். தராசு கிராமில் காட்டுகிறதா கிரெயினில் காட்டுகிறதா என்று உட்காரும்போதே பாருங்கள். பிரஸ் வழக்கமாக ஓடும் அதிர்விலேயே பத்து முறை பவுடரை விழவிட்டு, ஒவ்வொன்றையும் எடை போட்டுப் பாருங்கள். பத்தும் சரியாக வந்த பிறகு முதல் உறையை வையுங்கள்.